பின் வரும் முன்னே, கோடு வரும் பின்னே

போன மார்கழியில ஸ்ரீரங்கம் போயிருந்தப்ப சித்தி பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். திருச்சியில இன்ஜினியரிங் கடைசி வருஷம். நாலு பசங்க காசு போட்டு, கேமரா வெச்ச எஃப்பிஜிஏ போர்டு ஒண்ணு சொந்தமா டிசைன் பண்றாங்க. "கோடு எல்லாம் சிமுலேஷன்ல ஓடுதுண்ணா. நாளைக்கு போர்டு ஃபேப்ரிகேஷனுக்குப் போகுது"ன்னான்.

"எந்த சிக்னல் எந்தப் பின்னுக்குன்னு யாருடா முடிவு பண்ணது?"

"போர்டு வரைஞ்சவன்தான். எது கிட்டக்க இருக்கோ அதுல இழுத்துட்டான்."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. முன்னாடி வேலை பார்த்த இடத்துல இதே கூத்துல ஒரு போர்டையே மறுபடி அடிச்சோம். மூணு வாரம் போச்சு. வரைஞ்சவரும் நானும் ஒருநாள் உக்காந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்.

எஃப்பிஜிஏன்னா உள்ள இருக்கற சர்க்யூட்டை நாமளே மாத்திக்கற சிப். இவங்களோடது ஆர்ட்டிக்ஸ்-7. வயித்துக்கு அடியில 18க்கு 18, மொத்தம் 324 உருண்டைக் கால்கள். அதுல நம்ம இஷ்டத்துக்குக் கிடைக்கிறது 210தான். ஓரத்துல இருக்கறதை வெளிய இழுக்கறது சுலபம். நடுவுல இருக்கறது, சித்திரைத் தேர் அன்னிக்கு உத்திர வீதியிலேர்ந்து பைக்கை வெளிய எடுக்கற கதை. அதோட பின்கள் பேங்க் பேங்கா பிரிஞ்சிருக்கும். ஒரு பேங்குக்கு ஒரே வோல்டேஜ்தான். 3.3-ஐயும் 1.8-ஐயும் ஒரே வீட்ல குடிவைக்க முடியாது.

விவாடோல புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது ஆர்டிஎல்னு ஒரு வகை வரும். எல்லாரும் அதையே க்ளிக் பண்ணிட்டுப் போயிடறோம். கீழேயே 'ஐ/ஓ ப்ளானிங்'னு ஒண்ணு இருக்கு. ஒரு வரி கோடு வேணாம். சிப்பைத் தேர்ந்தெடுத்தா அதோட அடிப்பக்கம் படமா வரும். சிக்னல் பட்டியலை சிஎஸ்வியா ஏத்தலாம், இல்ல அங்கேயே போர்ட்களை உருவாக்கி பின்கள் மேல இழுத்துவிடலாம். ஒவ்வொண்ணுக்கும் ஐ/ஓ ஸ்டாண்டர்ட் குடுத்துட்டு டிஆர்சி ஓட்டணும்.

ஓட்டினோம். ஒரே பேங்க்ல ரெண்டு வோல்டேஜ்னு சிவப்பா வந்து நின்னுது. கேமரா 1.8, எல்இடி வரிசை 3.3. அந்த பேங்குக்கு 3.3 குடுத்திருந்தா கேமரா அனுப்பற 1.8-ஐ அது 'ஒண்ணு'ன்னே எடுத்துக்காது. சிப் பதிலுக்கு அனுப்பற 3.3-ல கேமரா பரலோகம்.

இதோட ஆச்சுன்னு நினைக்காதீங்க. கோடு இல்லாத ப்ராஜெக்ட்ல க்ளாக் சமாச்சாரம் முழுசா பிடிபடாது. கேமராவோட க்ளாக் சாதாரணப் பின்ல உக்காந்திருந்ததைப் படத்தைப் பார்த்துக் கண்ணாலதான் பிடிச்சோம். அதனால அதையே ஆர்டிஎல் ப்ராஜெக்டா மாத்தி (போர்ட் பட்டியலோட டாப் ஃபைல் தானா வந்துடும்), க்ளாக் மட்டும் இருக்கற குட்டி கோடு எழுதி ப்ளேஸ் பண்ணிப் பார்க்கணும். அப்புறம்தான் போர்டு ஃபேப்ரிகேஷனுக்குப் போகணும்.

பசங்களைக் குத்தம் சொல்லி என்ன? லேப்ல ரெடிமேட் போர்டு. அந்தக் கம்பெனியே குடுத்த எக்ஸ்டிசி ஃபைல்ல வேணுங்கற வரிக்கு முன்னாடி இருக்கற # அடையாளத்தை அழிச்சா வேலை முடிஞ்சுது. பின் ஏன் அங்க இருக்குன்னு யோசிச்சது போர்டு பண்ணவன். பின் குடுக்கலைன்னு கடைசி நேரத்துல எரர் வந்தா, நெட்ல தேடி எரரை வார்னிங்கா மாத்தற வரியை ஒட்டிட்டுப் போயிடறாங்க. நானும் ஒட்டியிருக்கேன், ஹி ஹி. நாலு வருஷத்துல ஒரு லேப் கிளாஸ், ரெடிமேட் போர்டு இல்லாம, காலி சிப் படத்தை மட்டும் குடுத்து "பின் வைடா"ன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?

ராத்திரி ஒரு மணிக்கு கேமராவைத் தனி பேங்குக்கு மாத்தி, அதுலயே க்ளாக் எடுக்கற பின்ல அதோட க்ளாக்கை உக்கார வெச்சு, சிஎஸ்வியா எடுத்துப் போர்டு வரையற பையனுக்கு அனுப்பினோம். அவன்கிட்டேர்ந்து உடனே பதில்: "டேய், திரும்ப எல்லா வயரும் குறுக்கால வருதுடா!"



அதையும் அவனோட உக்காந்து பேசுன்னுட்டுப் படுத்துட்டேன்.