என் கட்டிலை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்



முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கத்து உறவுகளுக்கும், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து தூக்கம் கெட்டிருக்கும் பெற்றோருக்கும் துபாய் தேராவிலிருந்து எழுதுகிறேன்.

மே மாதம் வந்தால் எனக்கு வரும் போனெல்லாம் ஒரே மாதிரி. “தம்பிக்கு துபாய்ல சீட் கிடைச்சிருக்கு. லண்டன் டிகிரியை அங்கேயே குடுக்கிறாங்களாம். ஃபீஸை நாங்க பாத்துக்கிறோம். தங்கறதுக்குத்தான் சாச்சா நீங்க இருக்கீங்களே!”

படிப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். பிரிட்டனின் மிடில்செக்ஸும் ஹெரியட்-வாட்டும் 2005 முதல் இங்கே கல்லூரி நடத்துகின்றன. பர்மிங்ஹாம் 2018இல் வந்தது. நம் பிட்ஸ் பிலானி அதற்கெல்லாம் முன்பே, 2000இல் வந்துவிட்டது. பட்டம் அசல் பட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது வீடு அல்ல, பெட் ஸ்பேஸ். இரும்பு டபுள் டெக்கர் கட்டிலில் கீழ்த்தட்டு எனக்கு, மேல்தட்டு ஒரு கேரளத்துக்காரருக்கு. கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை, அடியில் சூட்கேஸ், தலைமாட்டில் ஒரு பிளக் பாயிண்ட். நைட் டியூட்டிக்காரர்கள் தூங்குவதால் பகலில் லைட் போட முடியாது. காலையில் பாத்ரூமுக்கு ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. சமையலறையில் மெஸ் முறை. யாருடைய டர்ன் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கும். இதற்குள் உங்கள் பையன் எங்கே உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவான்?

“ஒரு ஆள்தானே, பாயைப் போட்டுப் படுத்துக்குவான்” என்று சொல்வீர்கள். முன்பு அப்படி நடந்ததுண்டு. 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை, ஃபிளாட்டில் தங்கும் ஒவ்வொருவரையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டது. 2025 ஜூனில் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, ரஃபா, பர்ஷா பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்களுக்கு எதிராக இறங்கியது. பிளைவுட் தடுப்பில் தீ பற்றினால் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து வெளியேறியவர்களெல்லாம் மிச்சமிருக்கும் கட்டில்களைத் தேடித்தானே வருவார்கள்? வாடகை எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தனியாக ஃபிளாட் எடுக்கலாமே என்றால், இங்கே வாடகை ஒரு வருடத்துக்குப் பேசுவது. அதைச் சில தவணைகளாகப் பிரித்து, தேதியிட்ட செக்குகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். டெபாசிட்டாக 5 சதவீதம், புரோக்கருக்கு வழக்கமாக இன்னொரு 5. மின்சாரம், தண்ணீருக்கு 2,000 திர்ஹம் முன்பணம். போதாததற்கு ஆண்டு வாடகையில் 5 சதவீத மாநகராட்சிக் கட்டணத்தை அந்த பில்லிலேயே மாதாமாதம் சேர்த்து வாங்கிவிடுவார்கள். ஒரு திர்ஹம் 23 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, பெருக்கிப் பாருங்கள். சம்பளமே இல்லாத 18 வயதுப் பையனுக்கு எந்த வங்கி செக் புக் தரும்?

ஷார்ஜாவில் வாடகை குறைவு, உண்மை. துபாயில் கல்லூரிகள் பல இருக்கும் அகாடமிக் சிட்டியோ ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போகும் நீல வழி மெட்ரோ 2029இல்தான் திறக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை பஸ், இல்லையென்றால் டாக்ஸி. ஷார்ஜா ரோட்டின் காலை நேர நெரிசலில் மாட்டினால் முதல் வகுப்பு போனது போனதுதான்.

“அப்படியானால் நேராக லண்டனுக்கே அனுப்பிவிடுகிறோம்” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அனுப்பலாம். அங்கே விசாவுக்குக் காட்ட வேண்டிய செலவுப் பணம் 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்ட், மற்ற ஊர்களுக்கு 1,171. ஒன்பது மாதக் கணக்கில் லண்டனுக்கு 13,761 பவுண்ட் ஆகிறது, ஏறத்தாழ 16 லட்ச ரூபாய். ஃபீஸ் தனி. வருடத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணமும் தனி. விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் என்ன செய்கிறோம்? வட்டிக்கு வாங்கி 28 நாள் காட்டிவிட்டு, விசா கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அது வெறும் சடங்கு என்று ஏஜென்ட் சொல்கிறார். ஆனால் பையன் அங்கே வாடகை கட்டவும் சாப்பிடவும் ஆகும் என்று அந்த நாட்டு அரசே போட்ட கணக்கு அது. அந்தப் பணம் இல்லாமல் விமானம் ஏறுகிறவன் முதல் மாதமே வேலை தேடி அலைகிறான். படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதைத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. பல வீட்டுக்காரர்கள் அந்நாட்டிலேயே இருக்கும் ஒருவரை ஜாமீன் கேட்கிறார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் அதற்குக் கையெழுத்துப் போடுவாரா என்று முன்பே கேட்டுவிட்டீர்களா?

அனுப்பவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தலைமுறை பத்தாவதோடு விசா எடுத்து வந்தது. உங்கள் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அட்மிஷன் பணம் கட்டும் முன் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, விசாச் செலவு நான்கையும் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். திருச்சியிலும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. பையன் இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு என்னிடம் வரட்டும். (2022 முதல் இங்கே சனி, ஞாயிறுதான் லீவு, வெள்ளிக்கிழமை விருந்தெல்லாம் பழைய கதை.)

ஜமாத்தாருக்கும் இங்குள்ள ஊர்ச் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கல்வி உதவி என்று நாம் கொடுப்பதெல்லாம் ஃபீஸோடு நின்றுவிடுகிறது. இந்த வருடத்திலிருந்து அதில் ஒரு பங்கை ஹாஸ்டல் வாடகைக்கென்று ஒதுக்குங்கள், பையன் கையில் கொடுக்காமல் ஹாஸ்டலுக்கே நேராகக் கட்டுங்கள். என் பங்கை நான் தருகிறேன்.