ஹெஃபெய்யும் மயிலிட்டியும்

2024 ஓகஸ்ட் 26, சீனாவின் 'ஹெஃபெய்' நாசகாரிக் கப்பல் வேறு இரண்டு போர்க்கப்பல்களோடு கொழும்புக்கு வந்தது. அதே நாள் இந்தியாவின் 'ஐ.என்.எஸ். மும்பை'யும் வந்தது. உடனே எங்கட பெடியள் ரெண்டு கட்சி. ஆர்ர கப்பல் பெரிசு எண்டு ஒரே சண்டை. (நீளத்தில மும்பைதான் கூட.)

ஹெஃபெய் 2015 டிசம்பரில் சேவைக்கு வந்தது. 2017 ஜூலையில் ரஷ்யாவோடு பயிற்சி செய்ய பால்டிக் கடல் மட்டும் போனது. அதே ஜூலையிலதான் மயிலிட்டித் துறைமுகம் 27 வருஷத்துக்குப் பிறகு சனத்திட்டத் திரும்பி வந்தது. தெல்லிப்பழையில இருந்து சைக்கிளில போற தூரம்.

கப்பலைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல. எனக்கும் விருப்பம்தான். ஆனா ஹெஃபெய்யின்ர ஏவுகணைக் கணக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச எங்களுக்கு, வலிகாமம் வடக்கில இன்னும் விடாத காணிக் கணக்கு ஏன் தெரியேல்ல?