செய்தி செல்லும் வழியும் தஞ்சை மாநகரும்

கைப்பேசி வந்தபின் நகரங்களுக்கு வேலையின்றிப் போம் என்று நம்முட் சிலர் கூறுகின்றனர். இருந்த இடத்திலிருந்தே எவரோடும் பேசலாமெனில் ஊரை விட்டு நகருக்கு வருவார் யார் என்பது அவர்தம் வினா. நாம் இதனை ஒப்போம். செய்தியைச் சுமக்கும் கருவி மாறுந்தோறும் நகரின் நடுவிடம் மாறுமேயன்றி நகர் மறைவதில்லை என்பதற்குத் தஞ்சையே சான்று.

1010ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பெரிய கோயிலின் சுவர்களை அக்காலத்துச் செய்திப் பலகை எனலாம். இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டிர் 400 பேருடைய பெயரும், அவர் எத்தெருவில், எச்சிறகில், எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தனர் என்பதும் கல்லிலே வெட்டப்பெற்றுள்ளன. இன்றைய நகராட்சிப் பதிவேடும் இதனினும் தெளிவாயிருத்தல் அரிது! கோயிலுக்கு நெல்லளந்த ஊர்களும் அவ்வாறே எழுதப்பெற்றன.

அதன்பின் வந்தது அச்சு. 1713இல் தரங்கம்பாடியிற் சீகன்பால்க் தமிழ் அச்சுவேலை தொடங்கினார். 1805ஐ ஒட்டிச் சரபோசி மன்னர் தஞ்சை அரண்மனையிலேயே ஓர் அச்சுக்கூடம் அமைத்தார். மன்னரின் கல்விக் காதல் போற்றத்தக்கதே. ஆயினும் அரண்மனைக்குள் இருந்த அச்சு கடைத்தெருவை மாற்றவில்லை என்பதே நம் கருத்து. கடைத்தெருவை மாற்றியது புகைவண்டி. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை தஞ்சையை எட்டியது. அதன் ஓரமாகவே தந்திக்கம்பியும் சென்றது. கோட்டைக்குத் தெற்கே நிலையம் அமையவே, அகழிக்குள் அடங்கியிருந்த நகர் அகழியைத் தாண்டித் தெற்கு நோக்கிப் படர்ந்தது. அத்தந்தியும் 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நம் நாட்டில் நிறுத்தப்பெற்றது.

இனி, உழவர் நிலையைக் காண்போம். முன்னாளிற் புதுவெள்ளமே தன் வரவைத் தானே அறிவித்தது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் மதகு திறக்கும் நாளே செய்தியாயிற்று. நீர் கல்லணைக்கு வந்துசேரச் சில நாள் செல்லும். செய்தியோ திறந்த நொடியிலேயே வரப்பில் நிற்பவன் கையில் வந்துவிடுகின்றது. இதன்பொருட்டு அவன் நகருக்கு வரவேண்டுவதில்லை, உண்மையே. ஆனால் விளைந்த நெல்லை அரசின் கொள்முதல் நிலையத்தில் விற்க, இணையவழிப் பதிவு வேண்டும் என்கின்றனர். எழுத்தறியாதானும் கருவியில்லாதானும் என் செய்வர்? பேருந்தேறி இ-சேவை மையத்தின் வாயிலில் நிற்பர். முன்பு வட்டாட்சியர் அலுவலகத்து மரநிழலில் மனு எழுதிக் கொடுத்தவரின் இடத்தில் இன்று கணினியின் முன் ஓர் இளைஞர் அமர்ந்துள்ளார். கூட்டம் குறைந்தபாடில்லை.

அக்கூட்டத்திற் குத்தகைக்கு உழுவோர் நிலையே இரங்கத்தக்கது. இந்நாட்டு நன்செய்களிற் பல கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரியன. பதிவு கேட்பதோ சிட்டாவும் அடங்கலும். உழுதவன் பெயர் அவற்றில் ஏறாதிருப்பின் மையத்து இளைஞர் யாது செய்ய வல்லார்? கோயிற் சுவரில் ஆடற்பெண்டிரின் வீட்டு வரிசையும் உண்டு. ஊரும் நெல்லளவும் உண்டு. அந்நெல்லை விளைத்தவர் எவரென அன்று எவரும் வினவவில்லை. இன்று வினவுகின்றனர், விடையாக நில உடைமையாளர் பெயரையே ஏற்கின்றனர். அடங்கலிற் குத்தகைதாரர் பெயரை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் இணையப் பதிவைக் கேட்டிருத்தல் வேண்டும்.