148 நாள்

வட அயர்லாந்து என்றதும் பலருக்கு நாக்கு நுனியில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: புராட்டஸ்டன்ட்டும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஆளவே முடியாத மண் அது. சான்று கேட்டால் 1974-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி இரு தரப்பும் சேர்ந்த அமைச்சரவை ஒன்று பெல்ஃபாஸ்ட்டில் பதவியேற்றது. மே 28-ஆம் தேதி கவிழ்ந்தது. 148 நாள். மக்கள் தயாராக இல்லை, தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குறைமாதப் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று கதை நீளும். இலங்கைச் சிக்கலைப் பேசும் தமிழர் கூட்டங்களில்கூட ஒருவர் எழுந்து இதைச் சொல்வதும் மற்றவர்கள் தலையாட்டுவதும் உண்டு.

இந்தக் கதையில் ஒரு வரி உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன். மீதி பொய், அதுவும், ஆட்சியைக் கைவிட்டவர்களுக்கு மிகவும் வசதியான பொய்.

அந்த மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். தலைமை, பிரையன் ஃபோக்னர். பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்ட் கட்சிக்காரர், சட்டைத் தொழிற்சாலை முதலாளியின் மகன். 1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தின் பிரதமராக இருந்தபோது, விசாரணை இல்லாமல் சிறைவைக்கும் நடவடிக்கையைக் கத்தோலிக்கத் தெருக்களின் மேல் ஏவியவர். அவருக்குத் துணை, ஜெரி ஃபிட். பெல்ஃபாஸ்ட் கத்தோலிக்கர், சரக்குக் கப்பலில் உழைத்தவர், கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் ஆதரித்த எஸ்.டி.எல்.பி. கட்சியின் தலைவர்; 1968 அக்டோபரில் டெரி நகர ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைபட்டவர். மக்கள் நலத்துறைக்கு வந்த பேடி டெவ்லின், இளவயதில், ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.யில் இருந்து சிறை கண்டு, பிறகு சோசலிஸ்ட்டானவர்.

வீட்டுவசதித் துறை ஆஸ்டின் கர்ரியிடம். 1968 ஜூனில் கலெடன் என்ற சிற்றூரில், பிள்ளைகுட்டிகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, மணமாகாத இளம் புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு அரசு வீடு ஒதுக்கினார்கள். கர்ரி அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்தார். போலீஸ் வந்து வெளியேற்றியது. ஐந்தரை ஆண்டு கழித்து, வீடு ஒதுக்கும் துறைக்கே அவர் அமைச்சர். சமூக உறவுத் துறைக்கு ஐவன் கூப்பர். 1972 ஜனவரி 30 அன்று டெரியில் பிரிட்டிஷ் படையினர் 13 பேரைச் சுட்டுக்கொன்ற ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர். அவர் புராட்டஸ்டன்ட். எல்லாவற்றையும் மதச் சண்டை என்றே படிக்கிறவர்கள் இவரை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

வாக்குரிமையுள்ள அமைச்சர்கள் 11 பேர்: ஆறு யூனியனிஸ்ட், நான்கு எஸ்.டி.எல்.பி., இரு மதத்தவருக்கும் பொதுவான அலையன்ஸ் கட்சிக்காரர் ஒருவர். வாக்கில்லாமல் இன்னும் நால்வர். சிறைவைப்பை ஏவியவரும், சிறைவைப்பு முடியும்வரை பேச்சே இல்லை என்று அடம்பிடித்தவர்களும் ஒரே அறையில். இத்தனைக்கும் அந்தச் சிறைவைப்பு அப்போது முடிந்திருக்கவில்லை.

சேர்ந்து உட்கார்ந்தது பெரிதல்ல, வேலை நடந்ததா என்று கேட்கலாம். நடந்தது. 1971-இல் சிறைவைப்பை எதிர்த்துக் கத்தோலிக்கப் பகுதிகளில் அரசு வீடுகளுக்கு வாடகை கட்டாத போராட்டம் தொடங்கியது. தூண்டியதே எஸ்.டி.எல்.பி.தான், கர்ரி அதில் முன்வரிசை. அமைச்சரானதும் அந்தப் பாக்கியை வசூலிக்க வேண்டிய பொறுப்பு அதே கர்ரியின் தலையில் விழுந்தது. வாடகை கட்டாதவர்களிடம் வசூல் செலவையும் சேர்த்தே பிடித்தார். சொந்தத் தெருவில் என்ன வசவு வாங்கியிருப்பார் என்று ஊகிக்கலாம். கல்வி அமைச்சர் பேசில் மெக்கைவர், யூனியனிஸ்ட், இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கான திட்டத்தை ஏப்ரல் 30-ஆம் தேதி அறிவித்தார். கத்தோலிக்கத் திருச்சபை முகம் சுளித்தது. 15 நாளில் வேலைநிறுத்தம் வந்துவிட்டதால் திட்டம் காகிதத்தில் நின்றது. 1981-இல் பெற்றோர்கள் முயன்று லாகன் கல்லூரி என்ற முதல் கலப்புப் பள்ளியைத் தொடங்கியபோது, அதன் ஆட்சிக்குழுவுக்குத் தலைவராக வந்தவர் மெக்கைவர். சேர்ந்து ஆள முடியாதவர்கள் செய்கிற காரியங்களா இவை?

இனி அந்த ஒரு வரி உண்மை. 1973 டிசம்பரில் இங்கிலாந்தின் சன்னிங்டேலில் லண்டன் அரசும், தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசின் டப்ளின் அரசும், இந்த மூன்று கட்சிகளும் கூடிச் செய்த உடன்பாட்டில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அதிகாரப் பகிர்வு. மற்றொன்று, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் அயர்லாந்து மன்றம். முதலாவதைப் பல புராட்டஸ்டன்ட்டுகள் முணுமுணுத்துக்கொண்டே சகித்தார்கள். இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு எஸ்.டி.எல்.பி. உறுப்பினர் ஜனவரியில் டப்ளினுக்குப் போய், யூனியனிஸ்ட்டுகளை ஒன்றுபட்ட அயர்லாந்துக்குள் ஏற்றிச் செல்லும் வண்டியே இந்த மன்றம் என்று பேசிவிட்டு வந்தார். அவ்வளவு போதாதா? உடன்பாடு அரசியல் சட்டத்தை மீறுகிறது என்று டப்ளின் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, வடக்கு எங்கள் நாட்டின் பகுதியல்ல என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்கிற தொனியில் அயர்லாந்து அரசு வாதாடியது. ஃபோக்னர் தன் மக்களிடம் காட்டுவதற்கு வைத்திருந்த ஒரே சீட்டும் கிழிந்தது. ஜனவரி 4-ஆம் தேதியே அவர் கட்சியின் பேரவை, அயர்லாந்து மன்றத்தை 427-க்கு 374 என்று நிராகரித்திருந்தது. கட்சித் தலைமையை விட்டுவிட்டு, கட்சியில்லாத தலைமை அமைச்சராக அவர் நடந்தார்.

அதன்மேல் பிப்ரவரித் தேர்தல். பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் சிக்கிய பிரதமர் எட்வர்ட் ஹீத், 'நாட்டை ஆள்வது யார்' என்று கேட்டுத் தேர்தல் வைத்தார். வட அயர்லாந்துக்கும் அந்தக் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அங்கே அது சன்னிங்டேல் மேலான வாக்கெடுப்பாக மாறியது. உடன்பாட்டை எதிர்த்தவர்கள் ஓரணியாக நின்றார்கள். ஆதரித்தவர்களோ ஒருவர் வாக்கை ஒருவர் பிரித்தார்கள். எதிரணிக்குச் சுமார் 51 விழுக்காடு வாக்கு, 12 இடங்களில் 11. மக்கள் வேண்டாம் என்றார்கள் என்போர் இந்த 11-ஐ மட்டும் சொல்வார்கள்; 51-ஐ விழுங்கிவிடுவார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் எதிரணிக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் இந்த அடி உண்மையான அடி. அதை மறைக்க நான் வரவில்லை. இதோடு ஐ.ஆர்.ஏ. குண்டு வைப்பதையும் நிறுத்தவில்லை. அதற்கும் இந்த அமைச்சரவை பிழைப்பதில் விருப்பமில்லை.

ஆனால் அடிபட்ட ஆட்சி வேறு, செத்த ஆட்சி வேறு. சாவு வந்தது மே மாதத்தில்.

மே 14 மாலை, உடன்பாட்டைக் கண்டிக்கும் தீர்மானத்தைச் சட்டமன்றம் 44-க்கு 28 என்று தோற்கடித்தது. உடனே அல்ஸ்டர் தொழிலாளர் மன்றம் என்ற அமைப்பு பொது வேலைநிறுத்தத்தை அறிவித்தது. மறுநாள் காலை என்ன நடந்தது என்பதைத்தான் கதை சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டுகிறார்கள். பெரும்பாலானோர் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். இயன் பெய்ஸ்லி முதலான எதிர்ப்பரசியல் தலைவர்களுக்கே இது நடக்குமா என்று சந்தேகம். பகல் ஏற ஏறத்தான் நிலைமை மாறியது. பிற்பகலுக்கு மேல் உள்ளே நிற்கிற கார்கள் கொளுத்தப்படும் என்று கப்பல் தளத்தில் சேதி வந்தது. லார்ன் துறைமுகத்தை, புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவான யு.டி.ஏ.யின் ஆட்கள் அடைத்தார்கள். கடத்திய பேருந்துகளும் லாரிகளும் தெருக்களில் குறுக்கே நின்றன. முகமூடி, கட்டை, தடுப்பு. நம் ஊரில் கடையடைப்பு பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முதல் கல் கண்ணாடியில் படும்வரை கடை திறந்திருக்கும். பிறகு 'வணிகர்கள் முழு ஆதரவு' என்று செய்தி வரும்.

இரண்டாம் வாரத்தில் உண்மையான ஆதரவும் சேர்ந்தது. மறுக்கவில்லை. ஜெயிக்கிற பக்கம் எது என்று தெரிந்தபின் சேர்கிற கூட்டம் எங்கும் உண்டு. வேலைநிறுத்தத் தலைமையகம் பெட்ரோலுக்கும் மருத்துவருக்கும் பால் வண்டிக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சீட்டு கொடுப்பவன்தான் அரசு என்பது குழந்தைக்கும் தெரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. தடுப்புகளை அகற்றுவது யார் பொறுப்பு? ஃபோக்னரிடம் போலீஸ் இல்லை. 1972-இல் லண்டன் நேரடி ஆட்சியை எடுத்தபோது சட்டம் ஒழுங்கையும் எடுத்துக்கொண்டது. 1974-இல் அமைச்சரவையைத் திருப்பிக் கொடுத்தபோது அதை மட்டும் கொடுக்கவில்லை. பள்ளிக்குக் கூரை போடலாம், வாடகைக்கு ரசீது கிழிக்கலாம், ஒரு காவலரை ஒரு தெருமுனைக்கு அனுப்ப முடியாது. 13-ஆம் திருத்தம் எழுத்தில் தந்த காவல் அதிகாரத்தை ஒருநாளும் கையில் பார்க்காத இலங்கை மாகாண சபைகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் ருசி புதிதல்ல. அதிகாரம் வைத்திருந்தவர் வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மெர்லின் ரீஸ். முதல் நாட்களில், தடுப்புகள் இன்னும் மெலிதாக இருந்தபோது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐ.ஆர்.ஏ.யோடு ஒரு முனை, புராட்டஸ்டன்ட் தெருக்களோடு இன்னொரு முனை என்று இரண்டு சண்டை போடப் படைத் தலைமைக்கு மனமில்லை. பாலிலம்ஃபர்டு மின் நிலையத்தைப் பொறியாளர்கள் துணையின்றிப் படையால் ஓட்ட முடியாது என்றார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் தெருவில் குறுக்கே கிடக்கும் பேருந்தை நகர்த்த மின் பொறியாளர் எதற்கு?

மே 17 அன்று டப்ளினிலும் மோனகனிலும் குண்டுகள் வெடித்து 33 பேர் இறந்தார்கள். மே 21 அன்று பிரிட்டிஷ் தொழிற்சங்கத் தலைவர் லென் முர்ரே 'வேலைக்குத் திரும்புவோம்' என்று பெல்ஃபாஸ்ட்டில் நடந்தார். கூட நடந்தவர்கள் சில நூறு பேர்கூட இல்லை. மக்கள் விருப்பத்துக்கு இதையும் சான்று என்பார்கள். இரண்டு பக்கமும் வசவும் எறிகல்லும் பறக்க, எதற்கு நடக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தவன் நினைத்திருக்க மாட்டானா?

மே 25 இரவு, பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் ஹீத்தின் இடத்துக்கு வந்த பிரதமர் ஹரால்ட் வில்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். படை நகரப்போகிறது என்று அமைச்சர்கள் காத்திருந்தார்கள். அவரோ வேலைநிறுத்தக்காரர்களை, பிரிட்டன் பணத்தில் ஓசியில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் ஏசிவிட்டுப் போனார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லில் 'ஸ்பாஞ்ச்' ஒளிந்திருந்தது. மறுநாளிலிருந்து புராட்டஸ்டன்ட்டுகள் சட்டையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். கைநீட்டவும் இல்லை, வாயை அடக்கவும் இல்லை. இதைவிட மோசமான ஓர் உரையை நான் அறியேன்.

வணிகத் துறை அமைச்சர் ஜான் ஹியூம் வகுத்த எரிபொருள் திட்டத்தின்படி மே 27 அன்று படை பெட்ரோல் நிலையங்களை எடுத்துக்கொண்டது. 13 நாள் தாமதம். பதிலுக்கு மின்சாரம் முழுதும் நிற்கும் என்று மிரட்டல் வந்தது. கழிவுநீர் தெருவில் ஏறும் என்ற பயமும். மறுநாள், வேலைநிறுத்தக்காரர்களோடு பேசலாம் என்று ஃபோக்னர் கேட்டார். ரீஸ் மறுத்தார். எஸ்.டி.எல்.பி.யும் பேசக்கூடாது என்றது. அன்று அந்த மேசை பிளந்தது உண்மைதான். பிளந்தது மதத்திலா, பள்ளியிலா, வீட்டிலா? துப்பாக்கி வைத்திருந்தவன் கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு, வாசலில் நிற்கும் கூட்டத்தோடு என்ன செய்வது என்பதில். வெளியே, சட்டமன்றம் இருந்த ஸ்டார்மன்ட் மாளிகைக்குப் போகும் நெடுஞ்சாலையில் விவசாயிகளின் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஃபோக்னர் விலகினார்.

'முடியாதவர்கள்' என்ற வாதத்துக்கு மிச்சமிருக்கிற மூச்சையும் பெய்ஸ்லியே எடுத்துவிட்டார். 1974 ஜனவரியில் சட்டமன்றத்திலிருந்து போலீசாரால் தூக்கி வெளியே கொண்டுபோகப்பட்டவர், 2007 மே மாதம் அதே கட்டடத்தில் முதலமைச்சராக உட்கார்ந்தார். பக்கத்தில் துணை முதலமைச்சர், ஐ.ஆர்.ஏ.யின் முன்னாள் தளபதி மார்ட்டின் மக்கின்னஸ். இருவரும் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பத்திரிகைகள் செல்லப்பெயரே வைத்தன. 1974-இல் ஃபிட்டோடு உட்கார்ந்ததற்காக ஃபோக்னரைத் துரோகி என்றவர்களின் தலைவர் இந்தப் பெய்ஸ்லி. இடையில் 33 ஆண்டு, இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

மக்கள் மாற அத்தனை காலம் தேவைப்பட்டது என்று சமாளிக்கலாம். அப்படியானால் 1977-ஐ என்ன செய்வீர்கள்? அந்த ஆண்டு மே 3-ஆம் தேதி பெய்ஸ்லியும் யு.டி.ஏ.யும் மறுபடி பொது வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதே ஊர், அதே லார்ன், அதே தடுப்புகள். இம்முறை லண்டனின் அமைச்சர் ராய் மேசன். போலீஸ் முதல் நாளே தடுப்புகளை இழுத்துப் போட்டது. மற்ற யூனியனிஸ்ட் தலைவர்கள் பலர் ஒதுங்கி நின்றதும், கையில் அயர்லாந்து மன்றம் போல ஒரு பூச்சாண்டி இல்லாததும் காரணம் என்பார்கள், பாதி சரி. பாலிலம்ஃபர்டு தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாண்டுக்கு முன் ஓர் அரசின் விளக்கை அணைத்த அதே ஆட்கள், சேர மாட்டோம் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் ஓய்ந்தது.

ஃபோக்னர் அதைப் பார்க்கவில்லை. சரியாக இரண்டு மாதம் முன்பு, மார்ச் 3-ஆம் தேதி, குதிரையிலிருந்து விழுந்து இறந்திருந்தார்.