"புதுசே வாங்கிடலாம் சார்!"

"ரிப்பேர் பண்ற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம் சார்."

செல்போன் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நின்றவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். முன்பு அங்கே மட்டும்தான் கேட்டது. இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா சொல்கிறார், யூடியூப்பில் கேட்ஜெட் தம்பிகள் சொல்கிறார்கள், பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கத்தில் 'நிபுணர்' சொல்கிறார். எல்லோருக்கும் நம் பர்ஸின் மீது அப்படியொரு அக்கறை. பல வருடங்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு தம்பி, இரண்டு வருடம் தாண்டிய போனுக்குச் செலவு செய்கிறவன் "கணக்குத் தெரியாதவன்" என்று வீடியோவில் தீர்ப்பே எழுதிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் புது போன்களின் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கம்பெனிகள் அனுப்பியவைதான் என்று கடைசியில் அவரே சொன்னார். சரி, கணக்கே பார்த்துவிடலாம்.

முதலில் விலை. டிஸ்ப்ளே மாற்றினால் போன் விலையில் பாதி போய்விடும், அதனால் ரிப்பேர் நஷ்டம் என்கிறார்கள். அந்தப் பாதி விலையை வைத்தது யார்? போனை விற்ற அதே கம்பெனி. ஒரிஜினல் பாகத்தை வெளிச் சந்தைக்கு விடமாட்டேன், என்னிடம் மட்டுமே வாங்க வேண்டும், நான் சொல்வதே விலை என்று வைத்துக்கொண்டு, பிறகு "பாருங்கள், ரிப்பேர் எவ்வளவு செலவு!" என்று உச்சுக்கொட்டுவது நல்ல வியாபாரம்தான். நம்மை ஏன் கணக்குத் தெரியாதவன் என்று திட்ட வேண்டும்?

இது கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. கார் கம்பெனிகள் இதே வித்தையைச் செய்து இந்தியாவிலேயே மாட்டின. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், சர்வீஸ் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல். மாருதி, டாடா, மஹிந்திரா என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. அவர்கள் மேல்முறையீடு போனது தனிக்கதை. வெளி மெக்கானிக்கிடம் போனால் பாதுகாப்பு போய்விடும் என்ற சமாதானத்தை ஆணையம் ஏற்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. காருக்கு ஒரு நியாயம், காரைவிட அதிக நேரம் கையில் இருக்கும் போனுக்கு ஒரு நியாயமா?

அடுத்தது தண்ணீர். பின்மூடியைப் பசை போட்டு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது, அதனால்தான் பேட்டரியைக் கழற்ற முடியாதபடி செய்கிறோம் என்பது வாதம். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5, தண்ணீர் தாங்கும் என்று ஐபி67 தரச்சான்று பெற்ற போன். அதன் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றலாம், பேட்டரியை விரலால் எடுக்கலாம். பத்து வருடத்துக்கும் முன்னால் முடிந்தது இன்று எப்படி முடியாமல் போனது? பசை போட்டு ஒட்டியதால் தண்ணீர்ப் பயம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்ததற்காக 2022இல் ஆஸ்திரேலியாவில் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜிங் போர்ட் அரித்துவிடும் என்ற சங்கதி விளம்பரத்தில் இல்லை. இத்தாலியில் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ. தண்ணீர் புகாது என்று சொல்லி விற்றுவிட்டு, தண்ணீர் புகுந்தது என்று சொல்லி வாரண்டியை மறுத்ததும் அங்கே ஒரு குற்றம். நம் ஊர் கவுண்டரில் சிம் ட்ரேயை உருவி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது என்று தலையாட்டுவார்களே, அதே கதைதான்.

பாதுகாப்பு என்று இன்னொன்று சொல்வார்கள். பேட்டரி அபாயகரமான பொருள், கண்டவர் கையில் கொடுக்கக் கூடாதாம். 2007 ஆகஸ்ட்டில் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியில் கோளாறு வந்தது நினைவிருக்கிறதா? உலகமெங்கும் 4.6 கோடி பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று எச்சரித்தார்கள், ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. தீர்வு என்ன? பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, கோளாறான தொகுதி என்றால் மாற்று பேட்டரி வாங்கிக்கொள்வது. போன் நம்மிடமே இருந்தது. 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தது. பசை போட்டு ஒட்டிய பேட்டரி. 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்ப வாங்கினார்கள், மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்தன, அக்டோபரில் அந்த மாடலுக்கே முழுக்குப் போட்டார்கள். எரிந்த பேட்டரிகள் எல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தவை, ரிப்பேர் கடைக்குப் போனவை அல்ல. பிஎல்-5சியோ இன்னும் சாகவில்லை. பிளாட்பாரத்தில் விற்கும் சீன எஃப்எம் ரேடியோவைத் திறந்து பாருங்கள், உள்ளே அதே வடிவத்தில் உட்கார்ந்திருக்கும்.

இனி எனக்குப் பிடித்த வாதத்துக்கு வருகிறேன். "பழைய போன் ஸ்லோவாயிடும் சார், அதுக்கு வயசாயிடுச்சு, எவ்வளவு செலவு பண்ணாலும் பழைய வேகம் வராது."

போனுக்கு வயதாவது என்றால் என்ன? அதில் அசையும் உறுப்பு அநேகமாக எதுவும் இல்லை. தேய்வது பேட்டரிதான். லித்தியம் அயான் பேட்டரி சார்ஜ் ஏறி இறங்கி நாளாக ஆக அதன் உள்தடை கூடுகிறது. கேமராவைத் திறக்கும்போதோ விளையாட்டைத் தொடங்கும்போதோ பிராசசர் ஒரே மூச்சில் அதிக மின்சாரம் கேட்டால், தேய்ந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். முப்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே திடீரென்று இருட்டாகும் போனைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு வைத்தியம் புது பேட்டரி. ஆப்பிள் செய்தது வேறு. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தேய்ந்த போனின் பிராசசர் வேகத்தையே குறைத்துவிட்டது. அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்க ஐபோன்காரர்கள் "எனக்கு அடுத்த மாடல் வாங்கும் நேரம் வந்துவிட்டது" என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

பேட்டரியை மாற்றியதும் தன் பழைய ஐபோன் 6எஸ் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது என்று அதே ஆண்டு டிசம்பரில் ஒருவர் எழுதினார். போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பென்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் குவிந்திருந்த அளவுகளை வரைபடமாகப் போட்டார். ஒரே மாடல் போன்கள் அப்டேட்டுக்குப் பிறகு தனித்தனி வேகப் படிக்கட்டுகளில் நிற்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மாதம் முடிவதற்குள் மன்னிப்பும் கேட்டது. திடீரென்று அணையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. இருக்கட்டும். சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே! பிராயச்சித்தமாக 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலராக்கினார்கள். அன்றைய மதிப்பில் 2,000 ரூபாய்க்கும் குறைவு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைவராக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டு வருமானம் 8,900 கோடி டாலருக்குக் குறையாது என்று முன்பு சொல்லியிருந்ததை 8,400 கோடியாகக் குறைத்துக்கொண்டார். சீனச் சந்தை மந்தம் உட்படப் பல காரணங்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று, மலிவான பேட்டரி மாற்றத்தை வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டது.

இன்னொரு முறை படியுங்கள். 29 டாலருக்குப் பேட்டரி கிடைத்ததும் புது போன் வாங்க நினைத்தவர்கள் வாங்காமல் இருந்துவிட்டார்கள். "வயசான" போன்கள் எழுந்து ஓடின. ரிப்பேர் நஷ்டம்தான். யாருக்கு நஷ்டம் என்பதை ஆப்பிளின் தலைவரே கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டார். பைக்கில் டயர் தேய்ந்தால் பைக்கையே மாற்று என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்வோம்? போனில் சொன்னால் நிபுணர் என்கிறோம். போன்களைச் சொல்லாமல் மெதுவாக்கிய விவகாரத்துக்காகப் பிரான்ஸ் அரசு 2020இல் ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ அபராதம் வாங்கியது. நம் கேட்ஜெட் தம்பிகளின் கணக்கில் இந்தக் கடிதமும் வராது, அபராதமும் வராது.

வெளியாள் திறந்தால் கைரேகையும் முகமும் திருடுபோகும் என்பார்கள். கைரேகை படிக்கும் ஹோம் பட்டனை வெளியே மாற்றியவர்களின் ஐபோன்கள் அப்டேட் போட்டதும் 'எரர் 53' காட்டிச் செங்கல்லானதும், வெளியே ரிப்பேர் செய்தவர்களுக்குத் தீர்வு கேட்கும் உரிமை இல்லை என்று பொய் சொன்னதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டதும் போதும். இன்னும் வேண்டும் என்றால், கம்பெனிகள் சொல்லும் இந்தக் காரணங்களுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று அமெரிக்க வணிக ஆணையமே 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறது.

"ரோட்டுக் கடைக்காரனுக்கு என்ன சார் தெரியும்?" கேட்பவர் ஒருநாள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகட்டும். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெரு பக்கம் எந்த மாடிப்படியில் ஏறினாலும் சரி. ஒரு மேஜை, மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் கன், பவர் சப்ளை. உயிரில்லாத போர்டு ஒன்று வரும். பையன் அதன்மேல் ரோசின் புகையை மெல்லிய வெண்படலமாகப் படிய விடுவான். பவர் சப்ளையிலிருந்து சின்ன அளவு மின்சாரம் கொடுப்பான். ஷார்ட் ஆன கெபாசிட்டர் சூடாகி, அதன் தலைக்கு மேல் மட்டும் படலம் உருகி நிறம் மாறும். கடுகைவிடச் சின்னப் பொருள். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் போன் எழுந்துவிடும். இதே போனுக்குத்தான் சர்வீஸ் சென்டரில் "மதர்போர்டே போயிடுச்சு, மாத்தணும்" என்று எஸ்டிமேட் போட்டிருப்பார்கள். அந்தப் பையனுக்குக் கம்பெனி சர்க்யூட் வரைபடம் தருவதில்லை. எங்கெங்கோ கசிந்து வருவதை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்கிறான். மட்டமான டிஸ்ப்ளே போட்டு ஏமாற்றுகிற கடைகள் இல்லையா? உண்டு. ஒரிஜினலைக் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு டூப்ளிகேட் நடமாடுகிறதே என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

புது போனில் கேமரா நன்றாக இருக்கிறது என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பூமி பிழைக்கும் என்பவர்களுக்கு, புதிதாக ஒன்றைத் தயாரிக்காமல் இருப்பதைவிடப் பூமிக்கு நல்லது எதுவும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புது மாடல் போன்களுக்கு விதி மாறிவிட்டது. விற்பனையை நிறுத்திய பிறகும் முக்கியமான உதிரிபாகங்களை ஏழு வருடம் கொடுக்க வேண்டும், ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். 2021இலேயே பிரான்சில் போன்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று ரிப்பேர் மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டார்கள். அங்கே விற்கும் கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. இங்கே மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஓரிடத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள், நல்லது. உதிரிபாகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை.

வரும்வரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை கவுண்டரில் அந்த வசனம் காதில் விழுந்தால் தலையாட்டிவிட்டு ஷோரூம் பக்கம் நகராதீர்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது, பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.