25 வருஷம் கழிச்சு வர்ற 4.25 லட்சமும் போர்டி கடற்கரையும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல "வீக்கெண்ட் ட்ரிப் உங்களை ஏழையாக்குதா?"ன்னு ஒரு வீடியோ போட்டேன். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ட்ரிப்புக்கு 25,000 ரூபாய் செலவு பண்றதுக்குப் பதிலா அதை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு 25 வருஷம் தொடாம விட்டா, வருஷத்துக்கு 12 சதவீத வளர்ச்சியில் 17 மடங்கு ஆகும். அதாவது 4.25 லட்சம். நல்லா ஓடின வீடியோ. அதை நம்பி நானே ரெண்டு வருஷம் எங்கேயும் போகலை.

அந்தக் கணக்கில் இன்னைக்கும் தப்பு இல்லை. ஆனா அதை வெச்சு நான் சொன்ன முடிவு தப்பு.

முதல்ல, வீடியோவில் சொல்லாம விட்டது. பணவீக்கம் 6 சதவீதம்னு வெச்சா, 25 வருஷம் கழிச்சு வர்ற அந்த 4.25 லட்சத்தோட இன்றைய மதிப்பு ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. இது சின்ன விஷயம். பெரிய விஷயம், போன நவம்பர்ல அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்போதான் உறைச்சது. அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஊரா போனவர். ஆனா எந்த ஊர்லயும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு மாடி ஏறி வந்தவர், இந்தத் தடவை ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு வந்தார். அவருக்கு இப்ப 66. அந்த 4.25 லட்சம் என் கைக்கு வரும்போது அவருக்கு 91. அந்தப் பணத்தை வெச்சு அப்போ அவரை எந்தக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போக?

சரி, போயிடுவோம்னு முடிவு பண்ணேன். உடனே அடுத்த தப்பையும் பண்ணப் பார்த்தேன்.

மும்பையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ட்ரிப் நாசிக். சுமார் 170 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டம், வைன் டேஸ்டிங், ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் அறுவடை சீசன். இன்ஸ்டாகிராமில் பாதி ஆபீஸ் அங்கேதான் இருக்கும். தோட்டத்துக்குள்ளேயே ரிசார்ட், வாடகை கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் வந்துச்சு. பேமெண்ட் பக்கத்துல "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 9,667"ன்னு காட்டுச்சு. கை பட்டன் மேலயே போயிடுச்சு.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி பல தடவை பேசியிருக்கோம். வட்டித் தொகையை முன்னாடியே தள்ளுபடியா கழிச்சிட்டு, அப்புறம் தவணையில வட்டியா வாங்கிக்கிறாங்க. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம்ம தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் தனி. ஆனா எனக்குப் பயமா இருந்தது அந்தச் சில நூறு ரூபாய் இல்லை. 58,000னு பார்த்திருந்தா நான் அந்தப் பக்கத்தை மூடியிருப்பேன். 9,667னு பார்த்ததால மூடலை. இஎம்ஐ வட்டி வாங்குதோ இல்லையோ, பட்ஜெட்டைப் பெருசாக்கிடுது. ஜனவரி ட்ரிப்புக்கு ஜூன் வரைக்கும் சம்பளத்துல வெட்டு விழும்.

மனைவிதான் கேட்டா: "மாமாவுக்கும் அத்தைக்கும் திராட்சைத் தோட்டத்துல என்ன இருக்கு? கடல் இருந்தா உட்காரவாவது செய்வாங்க." அப்படித்தான் போர்டிக்குப் போனோம்.

போர்டி, மகாராஷ்டிராவோட வடக்கு மூலையில பால்கர் மாவட்டத்துல இருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போனா குஜராத். சர்ச்கேட்லேர்ந்து தஹானு ரோடு வரைக்கும் லோக்கல் ட்ரெயினே இருக்கு. போரிவலியில ஏறினோம், ஒரு ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகலை. அப்பா டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏல, இம்புட்டு தூரத்துக்கு இதுதான் சார்ஜா? எங்க டிப்போவ மூடிட்டுப் போவணும்." தஹானுலேர்ந்து கடலை ஒட்டியே ஆட்டோ. போர்டி கடற்கரை தட்டையானது. தண்ணி உள்வாங்குற நேரத்துல ரொம்ப தூரம் வெறும் ஈர மணல்தான். கரை முழுக்க சவுக்கு மரம். கோவா மாதிரி ஃபோட்டோவுக்கு நிக்கிற கடல் இல்லை, மணலும் கருப்பாத்தான் இருக்கும். ஆனா மூட்டு வலிக்காரர் நடக்க ஏத்த கரை. மேடு பள்ளம் கிடையாது. அப்பா பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம நடந்துக்கிட்டே இருந்தார்.

இந்தப் பக்கம் முழுக்க சப்போட்டா தோப்பு. தஹானு கோல்வட் சப்போட்டாவுக்குப் புவிசார் குறியீடே உண்டு. இங்க சிக்கூம்பாங்க. பறிச்சா சில நாள்லயே பழுத்துக் குழைஞ்சிடும், அதனால விளைச்சல் கூடினா விலை விழும். நம்ம ஊர்த் தக்காளி கதைதான். அந்தப் பழத்துல வைன் செய்யற ஆலை ஒண்ணு போர்டியில இருக்கு, டேஸ்டிங்கும் உண்டு.

அங்கதான் எனக்கு உதறல். எங்க வீட்ல யாரும் மதுவைத் தொட்டதில்லை. சொன்னதுமே அம்மா, "பிள்ளையையும் வச்சுக்கிட்டு சாராயக் கடைக்கா கூட்டிட்டுப் போற?"ன்னுட்டாங்க. மனைவிக்கு ருசி பார்க்க ஆசை, ஆனா மாமனார் மாமியார் முன்னாடி எப்படிங்கிற தயக்கம். வேண்டாம்னு விட்டுடலாம்னு நான் சொன்னப்போ அப்பாதான், "எப்படிச் செய்யுதான்னு பாத்துட்டு வருவோமே, பாக்கதுக்குத் துட்டா?"ன்னு கிளம்பினார்.

உள்ள போனதும் அவர் பழைய கண்டக்டர் ஆயிட்டார். ஒரு பாட்டிலுக்கு எத்தனை கிலோ பழம், கிலோ என்ன விலைக்கு வாங்குறாங்க, பாட்டில் விலையில வரி எவ்வளவு. மனைவி இந்தியில கேட்டுக் கேட்டுச் சொன்னா. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசோட வரிதான்னு நான் குறுக்க புகுந்து சொன்னேன், யாரும் கவனிக்கலை. கிளாஸை மோந்து மட்டும் பார்த்துட்டு, "பழம் வாசனைதான் அடிக்கி" அப்படின்னு கீழ வெச்சார். மனைவி முன்னாடி இருந்த கிளாஸ் அப்படியே இருந்துச்சு. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "நீயும் சம்பாதிக்கத்தான செய்யுத. ருசி பாரு. நான் என்ன சொல்லப் போறேன்." எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பார்க்காத ஒண்ணு அது. சப்போட்டா வைன் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, எனக்கு அது கொஞ்சம் இனிப்பு அதிகம்.

ரெண்டு ராத்திரிக்கு மொத்தச் செலவு 23,190. இதுல ரூம்தான் பெருசு: ரெண்டு ரூம், தினம் 3,200 வீதம், வரியோட 13,440. இங்க ஒரு விஷயம் கவனிங்க. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினா 18. அதனால 7,400 ரூபாய் ரூம் 7,770க்கு முடியும், 8,000 ரூபாய் ரூம் 9,440 ஆயிடும். சாப்பாடு 4,600, டேஸ்டிங்கும் ரெண்டு பாட்டிலும் 2,300, மிச்சம் ஆட்டோ, ரயில், சில்லறைச் செலவு. எல்டிஏ க்ளெய்ம் பண்ணலாமான்னு கேட்பீங்க. புது வரி முறையில அந்த விலக்கே கிடையாது. பழைய முறையிலயும் நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம், அதுவும் டிக்கெட் செலவுக்கு மட்டும்தான். லோக்கல் ட்ரெயின் டிக்கெட்டை வெச்சு என்ன க்ளெய்ம் பண்ண?

இன்னொண்ணு. தோட்டத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்த கையோட "இந்தத் தொழில்ல ஷேர் வாங்கலாமே"ன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. நாசிக்கோட பெரிய வைன் கம்பெனி சூலா, 2022 டிசம்பர்ல பங்கு 357 ரூபாய்க்கு ஐபிஓ வந்துச்சு. அந்தப் பணம் முழுக்கப் பங்கை வித்தவங்களுக்குப் போச்சு, கம்பெனிக்கு வரலை. ருசி பார்த்த நாக்கை வெச்சு பேலன்ஸ் ஷீட் படிக்க முடியாது.

அப்போ அந்தப் பழைய வீடியோவை என்ன பண்ண? அழிக்கப் போறதில்லை. கிரெடிட் கார்டுல மாசம் மூணு, மூணரை சதவீத வட்டி கட்டிக்கிட்டு ட்ரிப் போறவருக்கு அது இன்னும் தேவைதான். ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லாதவங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா எஸ்ஐபி ஒழுங்கா போகுது, கடன் இல்லை, அப்பா அம்மாவுக்கு வயசாகுது. இந்த மூணும் உள்ளவங்க எக்செல் ஷீட்டைக் காட்டி வீட்லயே உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு சேமிப்பு இல்லை. அவங்களுக்கு நான் சொல்றது, எஸ்ஐபியைத் தொடாம மாசம் 2,000 ரூபாய்க்குத் தனியா ஒரு ஆர்டி. 12 மாசத்துல 24,000 ப்ளஸ் வட்டி. அதுக்குள்ள அடங்குற ஊரா தேடுங்க. நான் தேடின வரிசை தலைகீழ், ஊரைப் பார்த்துட்டுக் காசைத் தேடினேன். அதான் 58,000ல போய் நின்னேன்.

திரும்பி வரும்போது குஜராத் பக்கம் உத்வாடா வரைக்கும் போய் பார்சிங்களோட அக்னிக் கோயிலை வெளியில இருந்தாவது பார்க்கலாம்னு நினைச்சோம். பையில ரெண்டு வைன் பாட்டில் இருந்ததால விட்டுட்டோம். குஜராத்ல மதுவிலக்கு. அந்த ஊரை அடுத்த ஆர்டிக்கு ஒதுக்கி வெச்சிருக்கேன். அம்மா பேங்க் மெசேஜைப் பார்த்துட்டு, "2,000 போதுமால?"ன்னு கேட்டாங்க.