ஒரு ஆள், மூன்று காமிரா!

புதுச்சேரியில் ஒரு கலியாண மண்டபம். விடியற்காலை 5 மணி. நாதசுரக்காரர் இன்னும் வரவில்லை. சமையல்கட்டில் மட்டும் அடுப்பு எரிகிறது. மணவறைக்கு எதிரே ஒரு வாலிபர் ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருக்கிறார். அவர்தான் வீடியோ எடுப்பவர்.

நேர் எதிரே ஒரு காமிரா. பக்கவாட்டில் இன்னொரு காமிரா. மூன்றாவது அவர் கையில். உதவிக்கு ஆள் இல்லை.

"மூன்று காமிரா இருக்கிறதே, தனியாக ஆள் எதற்கு?" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அவரும் சரி என்றார். வேறு என்ன செய்வார்? அவர் மறுத்தால் அடுத்த தெருக்காரர் ஒப்புக்கொள்வார்.

பெண் வீட்டாருக்கு ஓர் ஆள் கூலி மிச்சம். ஆனால் அது உண்மையில் மிச்சந்தானா?

காமிரா தானாக ஓடும். தானாகப் பார்க்காது. கெட்டி மேளம் கொட்டும்போது மாமா ஒருவர் எழுந்து நேர் எதிரே நின்றால், காமிரா அவரது முதுகைத்தான் படம் பிடிக்கும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. மூன்று முடிச்சு விழுவதற்குச் சில விநாடிதான் ஆகும். சினிமா என்றால் "இன்னொரு தடவை" என்று சொல்லலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

அந்த நாள் பெட்டி

தனி ஆள் படம் பிடிப்பது புதிதல்ல. சினிமா பிறந்ததே அப்படித்தான்.

1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பாரீஸ் நகரில் லூமியே சகோதரர்கள் பணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 7-ந் தேதி அந்தப் படங்கள் பம்பாய்க்கே வந்துவிட்டன. அவர்களுடைய பெட்டி வேடிக்கையானது. அதுவே படம் பிடிக்கும். அதுவே பிரதி எடுக்கும். அதுவே திரையில் காட்டும். ஓர் ஆள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கைப்பிடியைச் சுற்றுவார். ஒரு படம் சுமார் 50 விநாடிதான்.

அந்த 50 விநாடியும் அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். கை சுற்றுவதை நிறுத்தினால் படமும் நின்றுவிடும்.

நம் கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் கதையும் தெரிந்ததே. மகாத்மா காந்தியைப் பற்றிய படத்துக்காக அவர் உலகம் முழுவதும் அலைந்தார். சுமார் 1 லட்சம் மைல் பிரயாணம். சேர்த்த படச்சுருள் சுமார் 50 ஆயிரம் அடி. 1940-ம் ஆண்டு படம் வெளிவந்தது. அதுவும் ஒரு ஆள், பல காமிரா கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பல நாடுகளில், பல காமிராக்காரர்கள் எடுத்த காட்சிகளை அவர் தேடிச் சேர்த்தார். ஒவ்வொரு காமிராவுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நின்றிருந்தார்.

2011-ம் ஆண்டு ஆங் லீ என்ற டைரக்டர் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்தார். தாவரவியல் பூங்காவை மிருகக்காட்சி சாலையாக மாற்றினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அது முப்பரிமாணப் படம். வலக் கண்ணுக்கு ஒன்று, இடக் கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு காமிராக்களைச் சேர்த்துப் பூட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒழுங்காக ஓடவைக்க ஒரு கூட்டமே வேலை செய்தது. 2013-ல் ஆங் லீக்குச் சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

29 நிமிடம் 59 விநாடி

தனி ஆளுக்கு எத்தனை வேலை என்று வீட்டார் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று காமிராவும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். ஆகவே விநாடிக்கு 25 படம் என்று வைத்தால்தான் மண்டபத்துக் குழல் விளக்குகள் படத்தில் படபடக்காமல் இருக்கும். ஒன்றை 25 என்றும் மற்றொன்றை 30 என்றும் வைத்துவிட்டால் பிறகு ஒட்டுவது பெரும்பாடு. நிறமும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணப்பெண்ணின் அரக்குச் சேலை ஒரு காமிராவில் அரக்காகவும், மற்றொன்றில் ஆரஞ்சாகவும் வரும்!

மூன்றையும் ஓடவிட்டு, நடுவில் நின்று பலமாக ஒரு கை தட்டுவார்கள். பைத்தியமா என்று சமையல்காரர் எட்டிப் பார்ப்பார். பைத்தியம் அல்ல. அந்தத் தட்டல் சத்தத்தை வைத்துத்தான் பிறகு மூன்று படங்களையும் ஒன்றோடு ஒன்று பொருத்துகிறார்கள்.

இன்னொரு தொல்லை உண்டு. பழைய போட்டோ காமிராக்கள் பலவற்றில் வீடியோ எடுத்தால் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். கெட்டுப்போய் நிற்பதில்லை. அரை மணி நேரம், அதற்கு மேல் ஓடினால் அது வீடியோ காமிரா என்று ஐரோப்பாவில் கணக்கு. அதற்கு அப்போது சுங்கவரி கூடுதலாக இருந்தது. ஆகவே கம்பெனிகள் ஒரு விநாடி குறைத்துக் கட்டினார்கள். ஐரோப்பாவின் வரிக்கும் நெல்லித்தோப்புக் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்! ஆனால் சம்பந்தம் இருக்கிறது. கையில் ஒரு காமிராவோடு மாப்பிள்ளை அழைப்பை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, மணவறை எதிரே நிற்கும் காமிரா ஓய்ந்துவிட்டது தெரியாது. புதிய காமிராக்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை. என்றாலும் சூடேறினால் அவையும் நின்றுவிடுவது உண்டு. மணவறையில் ஹோமம், மேலே விளக்கு. சூட்டுக்குக் கேட்கவா வேண்டும்!

நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு காமிராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் இடம் பிடிக்கும். மூன்று காமிரா, நாலு மணி நேரம் என்றால் 540 ஜிகாபைட். அதை அன்று இரவே இரண்டு பிரதி எடுத்து வைக்க வேண்டும். விருந்தினர் தூங்கப் போகும்போது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்.

பாரீசில் ஒரு பாட்டி

மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சங்கதி புதுச்சேரியில் உண்டு. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இங்கே கலியாணம் என்றால் அங்கே நேரடியாகப் பார்க்கிறார்கள்.

இங்கே காலை 6 மணி முகூர்த்தம். தை மாதத்தில் அங்கே இரவு 1.30 மணி. முழங்கால் வலியால் விமானம் ஏற முடியாத பாட்டி ஒருத்தி, போர்வையைப் போர்த்திக்கொண்டு, பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க விழித்திருக்கிறாள். அவளுக்குத் தெரிவது அந்தச் சிறிய கண்ணாடி மட்டுமே. மண்டபத்தில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். படம் சரியாக வராவிட்டால் அவளுக்குக் கலியாணமே இல்லை.

நேரடி ஒளிபரப்பு என்றால் எந்தக் காமிராவின் படம் இப்போது போக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைக் காமிராவை யார் பிடிப்பது? தனி ஆளால் இரண்டும் நடக்காது. "நடக்கும்" என்று தொழில்காரர் சொன்னாலும் வீட்டார் நம்பக்கூடாது. அவர் பிழைப்புக்காகச் சொல்கிறார்.

ஒளிபரப்பு வேண்டாம் என்றால் தனி ஆள் போதும். ஆனால் அவருக்கு இரண்டு காமிரா போதும். ஒன்று நேர் எதிரே, சற்று உயரத்தில், அகலமாகப் பார்த்தபடி அசையாமல் நிற்கட்டும். மற்றது கையில். கைக் காமிரா தடுமாறும் நேரத்தில் நிற்கும் காமிரா காப்பாற்றும். மூன்றாவது பெரும்பாலும் வந்தவர்களுக்குக் காட்டத்தான். அதை வாடகைக்கு எடுக்கும் பணத்தில் அரை நாளைக்கு ஒரு பையனை வைத்துக்கொள்ளலாம். அவன் காமிரா பிடிக்க வேண்டாம். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஸ்டாண்டுக் காலில் குழந்தைகள் தடுக்கி விழாமல் காத்தால் போதும். தொழிலும் பழகுவான்.

மேளத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவில் பேச்சு கேட்க வேண்டுமானால், மணவறைப் பக்கம் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைக்கச் சொல்லலாம்.

வீட்டார் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. முதல் நாளே எந்தச் சடங்கு எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாலி கட்டும்போது யாரும் எழுந்து நிற்க வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். செல்போனைத் தலைக்கு மேலே தூக்குகிறவர்களையும் சேர்த்துத்தான். பந்தி போடும்போது அந்த வாலிபருக்கு ஓர் இலை ஒதுக்கி வைக்க வேண்டும். கடைசிப் பந்தி முடியும் வரை அவர் எடுத்துக்கொண்டே இருப்பார். பிறகு பார்த்தால் ரசம்கூட மிஞ்சியிருக்காது.